ரெண்டு தண்ணிப் பை

முதுகுல மாட்டுற தண்ணிப் பை வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். கடையிலயே தண்ணி ரொப்பி, தரையில வெச்சு, அதும்மேல உக்காந்து பாருங்க. கடைக்காரங்க கத்துவாங்க, கத்தட்டும். போன மாசம் சென்னையில ஒரு பெரிய கடையில நான் அப்டி உக்காந்தப்போ, அங்க வேலை செய்யற பொண்ணு ஓடி வந்து, "மேடம், மேடம், இன்னா பண்றீங்க?"ன்னு பதறிடுச்சு. "உக்காந்துக்கினு இருக்கேன். உடையுதான்னு பாக்க வேணாமா?"ன்னேன். உடையல. எழுந்து சேலையைத் தட்டிக்கினு, "இதே மாதிரி ரெண்டு குடும்மா"ன்னு கேட்டேன்.

ரெண்டு எதுக்குன்னு அது கேக்கல. நானே சொல்லிடறேன். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, என்னை உட்டுட்டு வேற வேலைக்குப் போன ஒருத்திக்கு. அவளைத் திரும்பக் கூட்டிக்கினு வந்துடணும்னுதான் அந்தக் கடைக்கு அவ்ளோ தூரம் ரயில் ஏறிப் போனேன்.

எனக்கு வேலை, நிலம் அளக்கறது. கும்மிடிப்பூண்டியைச் சுத்தி கம்பெனி கட்டறவங்க, ரோடு போடறவங்க, குடோன் கட்டறவங்க எல்லாரும் முதல்ல அளந்துதான் ஆவணும். அப்டி அளந்து குடுக்கற சின்ன ஆபீஸ் ஒண்ணுல நான் இருக்கேன். மூணு கால் ஸ்டாண்டு மேல மெஷின் வெச்சு, அதோட கண்ணு வழியா நான் பாப்பேன். தூரத்துல, கண்ணாடி மாட்டின கம்பைப் பிடிச்சிக்கினு இன்னொருத்தர் நிப்பாங்க. அவங்க நவுந்து நவுந்து நிக்க, நான் ரீடிங் எடுப்பேன். காலையில நாஷ்டா முடிச்சா, வெயில் சாயற வரைக்கும் இதேதான். அஞ்சு வருஷம் அந்தக் கம்பைப் பிடிச்சவ அவ.

ஆரம்பாக்கத்துக்காரி. என் வயசுதான். வந்த முதல் நாளு என்னை "மேடம்"னு கூப்ட்டா. ரெண்டாவது வாரம் "இன்னாடி"ன்னா. அர கிலோமீட்டர் தள்ளி நிப்பா, ஆனா மெஷின் வழியா பாத்தா அவ மூக்கு மேல இருக்கற வேர்வை வரைக்கும் தெரியும். நான் பாக்கறேன்னு அவளுக்கும் தெரியும். நாக்கை நீட்டிக் காட்டுவா. போன்ல ஸ்பீக்கரைப் போட்டுக்கினு ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கினே வேலை பாப்போம். அவ மாமியாரைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவ புருஷனுக்கே தெரியாது.

தண்ணிப் பை வாங்கினது நான்தான். ரெண்டு கையும் மெஷின்ல இருக்கும்போது பாட்டிலைத் தேடிக் குனிய முடியாது. இதுலன்னா முதுகுலருந்து ஒரு ட்யூப் தோள் மேல வாய்க்கே வரும். முதல்ல போன்ல பாத்து ஒண்ணு வரவழைச்சேன். கண்றாவி. கறுப்புக் கலரு, வெயில்ல சுடுதண்ணி போட்டுக் குடுத்துது. உள்ள இருக்கற பை வாய் சின்னது, கை போவாது, கழுவ முடியாது. பதினஞ்சு நாள்ல உள்ளயே பாசி கட்டி, குடிச்சா குட்டைத்தண்ணி வாடை. ஒரு நாளு தையல் உட்டு, வரைபடம், பில்லு, என் சோத்து டப்பா எல்லாத்தையும் நனைச்சிது. அடுத்தது பாத்துப் பாத்து வாங்கினேன். வாய் அகலமா இருக்கணும், முழங்கை வரைக்கும் உள்ள போவணும். ட்யூப் தனியா கழட்ட வரணும். கடிச்சுக் குடிக்கற முனைக்கு ஒரு திருகு இருக்கணும், இல்லாங்காட்டி குனியறப்பல்லாம் ஒழுகும். துணி, சீமைக்கருவேல முள்ளு கீறினாலும் நூல் பிரியாத துணியா இருக்கணும். நெஞ்சுக்குக் குறுக்கப் போற பட்டை மேல கீழ நவுரணும், அது ஆம்பளைங்களுக்குப் புரியாது, நமக்குப் புரியும். வாங்கினதும் சமையல் சோடா போட்டு ஒரு நாளு ஊற வெச்சா ப்ளாஸ்டிக் வாடை போயிடும்.

அவளுக்கு எப்பவும் பாட்டில்தான். "முதுகுல சிலிண்டர் கட்டிக்கினு நிலாவுக்கா போற?"ன்னு கலாய்ப்பா.

சும்மா சொல்லக்கூடாது, அவ இருந்த வரைக்கும் நான் நல்லா தண்ணி குடிச்சேன். அது எப்டின்னு பொம்பளைங்களுக்குச் சொல்ல வேணாம், ஆம்பளைங்களுக்குச் சொல்றேன். நாங்க அளக்கற இடத்துல மரமே இருக்காது, கக்கூஸுக்கு எங்க போறது? குடிச்சா போவணும். போவணும்னா ஒருத்தி மறைச்சு நிக்கணும். அவ துப்பட்டாவை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சிக்கினு, ரோட்டைப் பாத்து நின்னு, போற லாரிக்காரனையெல்லாம் சத்தமா திட்டுவா. எனக்கு சிரிப்பு வந்து வேலையே ஆவாது. அப்புறம் அவளுக்கு நான் நிப்பேன். அப்டி ஒருத்தி இருந்தா மூணு லிட்டரும் குடிக்கலாம்.

நடந்தது ஒரு கத்திரி வெயில்ல. கவரைப்பேட்டை தாண்டி ஒரு வெட்டவெளி. அவ பாட்டில் மூடி சரியா மூடாம, தண்ணி மொத்தமும் வண்டிப் பொட்டிலயே கொட்டிப் போயிருந்துது. மதியம் வரைக்கும் சொல்லாம நின்னிருக்கா. மெஷின்ல பாத்தேன், உதடு வெள்ளையா இருந்துது. போன்ல கத்தி வரச் சொன்னேன். வந்தா. ட்யூபை அவ கையில குடுத்தேன். அவ அதையே பாத்தா. நம்ம ஊர்ல பாட்டில்னா தூக்கி, வாய் படாம ஊத்திக்கலாம். இதுல அது நடக்காது, கடிச்சு உறிஞ்சினாத்தான் வரும். "தூக்கிக் குடிக்க முடியாதேடி இதுல"ன்னு சிரிச்சா. "கடிச்சுக் குடிடி, செத்துகித்து போயிடப்போற"ன்னேன். குடிச்சா. கண்ணை மூடிக்கினு நல்லா குடிச்சா. எனக்கு வயிறு குளுந்துது.

அப்புறம் ட்யூபை வாங்கினேன். எனக்கும் தாகம். வாயில வெக்கறதுக்கு முன்னாடி, முந்தானையில அந்த முனையைத் தொடச்சேன். ஒரு தபா இல்ல, ரெண்டு தபா. கொஞ்சம் தண்ணியைக் கீழ பீச்சி வேற உட்டேன். அப்புறம்தான் குடிச்சேன்.

அவ அங்கதான் நின்னுக்கினு இருந்தா. பாத்தா. கம்பை எடுத்துக்கினு திரும்பி நடந்தா. இடத்துக்குப் போய் நின்னு போன்ல, "ரீடிங் எடுங்க மேடம்"னா.

அந்த "மேடம்" எனக்குச் சுருக்குன்னு தச்சுது. ஆனாலும் வாயைத் திறக்கல. தானா சரியாயிடும்னு உட்டுட்டேன். மறுநாள்லருந்து அவ ரெண்டு பாட்டில் கொண்டாந்தா. கம்பு பிடிச்சா, சொன்ன இடத்துல நின்னா. நாக்கை நீட்டல. துப்பட்டா பிடிக்கச் சொன்னா பிடிச்சா, லாரிக்காரனைத் திட்டல. ஒரு மாசம் கழிச்சு, "கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு மேடம், பேக்கிங்ல"ன்னு சொல்லிட்டு வேலையிலருந்து நின்னுட்டா.

எனக்கு கோவம்தான் வந்துது முதல்ல. எச்சிலைத் தொடச்சா அது ஒரு தப்பா? யார் குடிச்சாலும் தொடைப்பேன், என் புருஷன் குடிச்சாலும் தொடைப்பேன், இவளுக்கு இன்னா அவ்ளோ ரோஷம்னு ஊட்ல பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். எனக்கே அதை ரொம்ப நாளு சொல்லிக்கினு இருந்தேன்.

ஒரு நாளு சாயங்காலம் பையைக் கழட்டி ஊட்டு வாசல்ல வெச்சேன். என் புருஷன் வெளியில போய்ட்டு வந்தவர், "இது எப்டிதான் வருது பாப்போம்"னு ட்யூபை எடுத்து ரெண்டு மடக்கு குடிச்சார். அப்புறம் நான் எடுத்துக் குடிச்சேன். பாதி குடிக்கும்போதுதான் தெரிஞ்சிது, நான் தொடைக்கல. ட்யூப் வாயிலயே இருக்குது, முழுங்க முடியல. எங்கப்பா ஊட்ல நாத்து நட வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு சொம்பு கொல்லையில கவுந்திருக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. அந்த ஊட்ல வளந்தேன், அவ்ளோதான். அதுதான் என் கையில இருந்திருக்குது. அன்னிக்கு அழுதேன். அப்பவாவது போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. இன்னான்னு சொல்றது?

அவ இடத்துக்கு வந்தவர் நல்ல மனுஷன். பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கற வயசு. மரியாதையா பேசுவார், வேலை சுத்தம். ஆனா அவர்கிட்ட போய், "சார், நான் ஒதுங்கணும், அந்தாண்ட திரும்பி நில்லுங்க"ன்னு எப்டி சொல்றது? சொல்லல. குடிக்கறதை நிறுத்திட்டேன். காலையில ரொப்பற மூணு லிட்டர், சாயங்காலம் அப்டியே ஊட்டுக்கு வரும். கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துவேன். செடி தளதளன்னு வந்துது, எனக்கு கிட்னியில கல்லு வந்துது. டாக்டர், "தண்ணி குடிக்கறீங்களாம்மா?"ன்னு கேட்டார். "முதுகுலயே மூணு லிட்டர் இருக்குது சார்"ன்னேன். பொய் இல்ல பாருங்க.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அவ வேணும்னு இருந்துது. மெஷின்ல கண்ணு வெக்கும்போதெல்லாம் அந்தக் கம்புக்குப் பின்னாடி வேற மூஞ்சி தெரிஞ்சா, ஒரு நிமிஷம் மனசு திக்குன்னு ஆவும். இத்தனை மாசம் ஆச்சு, இன்னும் பழகல. நல்ல சேதி ஒண்ணு வந்தா கை தானா போனை எடுக்கும், அப்புறம் கீழ வெச்சுடும்.

போன மாசம் கம்பு பிடிச்ச அந்த சார், தன் மகன்கூட இருக்கப் போறேன்னு ஓசூருக்குக் கிளம்பிட்டார். எங்க இன்ஜினியர் என்கிட்ட, "கம்பு பிடிக்க ஆள் வேணும். உனக்குத் தெரிஞ்ச லேடீஸ் யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டார். என் பழைய பையும் அந்த வாரம்தான் தோள்பட்டையில கிழிஞ்சிது. ரெண்டும் சேந்து வந்ததும் எனக்கு ஒரே துள்ளல். ஆளுக்கு ஒரு பை. அவ ட்யூப் அவளுக்கு, என் ட்யூப் எனக்கு. தொடைக்கற பேச்சே கிடையாது. அப்டித்தான் புத்தி போச்சு, பாருங்க. அதான் ரெண்டு கேட்டேன்.

ஞாயித்துக்கிழமை, அவ சர்ச் முடிஞ்சு வந்திருப்பான்னு நேரம் பாத்து ஆரம்பாக்கத்துக்கு வண்டியை உட்டேன். அவ வாசல் பக்கம் மேஜை போட்டு கம்பெனி சட்டையை இஸ்திரி போட்டுக்கினு இருந்தா. கொஞ்சம் சதை போட்டிருந்தா, நல்லா இருந்தா. "வா"ன்னா. சேர் எடுத்துப் போட்டா. பையைக் குடுத்தேன். ஜிப்பை இழுத்தா, உள்ள கையை உட்டா. "கை நல்லா போவுது"ன்னா. எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துது.

"வேலைக்கு ஆள் கேக்கறாங்க. உன்னைத்தான் சொல்லப் போறேன்"னேன்.

அவ சட்டையைத் திருப்பிப் போட்டு மடிப்பு தேச்சா.

"அன்னிக்கு தொடச்சேனே"ன்னேன்.

"ஆமா, தொடச்ச."

"பழக்கத்துல பண்ணிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அப்டி இல்லடி. எங்க ஊட்டுக்காரர் குடிச்சப்போ நான் தொடைக்கல. தப்பு பண்ணிட்டேன்."

இஸ்திரிப் பொட்டியை நிமித்தி வெச்சா. என்னை நேரா பாத்தா. "தொடச்சதுக்காடி நான் போனேன்? எங்கம்மா நாத்து நடப் போன ஊடுங்கள்ல எந்த சொம்புல தண்ணி குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? தொடைக்கறவங்களைப் பாத்துப் பாத்து வளந்தவ நான். சரி, தொடச்சுட்டா, நம்ம ஆளுதானே, நாளைக்கு வந்து தப்புன்னு சொல்லுவான்னு பாத்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு ஒரு மாசம் பாத்தேன். நீ ரீடிங் நம்பர்தான் சொல்லிக்கினு இருந்த."

"இப்ப சொல்லிட்டேனே"ன்னேன். கேக்கவே கேவலமா இருந்துது.

"சொல்லிட்ட. மனசு ஆறிச்சு. நான் பொய் சொல்லல."

"அப்ப வாடி. நீ இல்லாம முடியலடி எனக்கு."

"கம்பெனியில மூணு பாத்ரூம் இருக்குது. யாரும் யாருக்கும் காவல் நிக்க வேணாம்"னா. சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "அதுக்கு சொல்லல. மறுபடி உன்கூட வந்தா, மறுபடி எதனா ஒண்ணு ஆனா, எப்ப சொல்லுவா, எப்ப சொல்லுவான்னு உன் மூஞ்சியையே பாத்துக்கினு நிக்கணும். அது பேஜாரு. என்னால முடியாதுடி."

"டி"ன்னு சொன்னாளே, அது போதும்னு இருந்துது. போதாதுன்னும் இருந்துது. பையைத் திருப்பிக் குடுத்தா. நான் வாங்கல, சேர் மேலயே வெச்சிட்டு எழுந்தேன். சாப்ட்டுப் போன்னா. உக்காந்து சாப்ட்டேன். நல்ல மீன் குழம்பு. அவ மாமியாரைப் பத்தி ரெண்டு புதுக் கதை சொன்னா, ரெண்டு பேரும் சிரிச்சோம். கிளம்பறப்போ தெருமுனை வரைக்கும் கூட வந்தா.

மறுநாள் ஆபீஸ்ல இன்ஜினியர், "இன்னாம்மா, அந்த லேடி வர்றாங்களா?"ன்னு கேட்டார். "யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கா சார்"ன்னேன். அவ யோசிக்கறேன்னு சொல்லவே இல்ல. வேற ஆளைப் பாருங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.