அளவு எடுக்காத தையல்காரி

தையல்கடைக்கு யாரும் துணியை மட்டும் கொண்டுவருவதில்லை. ஏதாவது ஒரு சந்தேகமும் கூடவே வரும். கொச்சி மட்டாஞ்சேரியில் லிஸி சேச்சியின் லேடீஸ் தையல்கடையில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நான் திருநங்கை. வரும் சந்தேகத்தில் பாதி என்மேல்தான். நாள் முழுக்க ஜனங்களுக்குப் பதில் சொல்லிக் களைக்கிறவர் யாராயிருந்தாலும் இது புரியும்.

டேப்

ஒரு நாள் பட்டுச்சேலையும் கையுமாக ஒரு அம்மா பிளவுஸ் தைக்க வந்தார். "கையைத் தூக்குங்க சேச்சி" என்றேன். தூக்கிய கை, என் குரலைக் கேட்டதும் இறங்கிவிட்டது. நான் டேப்பை லிஸி சேச்சியிடம் கொடுத்துவிட்டுத் திரைக்கு இந்தப்பக்கம் வந்தேன். அவர் அளந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வெட்டியது, தைத்தது எல்லாம் நான்தான்.

வாங்க வந்தவர் போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. லிஸி சேச்சியிடம் சொன்னார்: "அடுத்ததும் இவரே வெட்டட்டும். அளவு மட்டும் சேச்சி எடுத்தா மதி, போதும்."

சாவி

எங்கள் கட்டிடத்தில் இரண்டு கழிப்பறை, சாவி வாட்ச்மேன் சேட்டனிடம். பெண்கள் பக்கம் போனேன். மாடி ஆபீஸிலிருந்து புகார் வந்தது. ஆண்கள் பக்கம் போனால் ஏற இறங்கப் பார்த்தார்கள். சாயாவை விட்டேன், தண்ணீரைக் குறைத்தேன். நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தேன். லிஸி சேச்சி கீழே வாட்ச்மேனிடம் இறங்கிப்போய்ச் சத்தம் போட்டார்.

நான் திரும்பி வந்த அன்று, வாட்ச்மேன் பெண்கள் பக்கத்துச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வச்சோ. பட்சே, நான் தந்ததுன்னு ஆரோடும் பறயண்டா." யாரிடமும் சொல்லக்கூடாதாம்.

கல்யாண பிளவுஸ்

சங்கரன்கோவிலிலிருந்து அண்ணன் போன் செய்தான். பல வருஷம் கழித்து அவன் குரல். மகள் சங்கீதாவுக்குக் கல்யாணம், முகூர்த்த பிளவுஸ் நான்தான் தைக்கவேண்டுமாம், அவள் பிடிவாதமாம். "கல்யாணத்துக்கு... மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க. நீ புரிஞ்சுக்குவ" என்றான். புரிந்துகொண்டேன். வேறென்ன செய்வது? அவன் அனுப்பிய அவள் பழைய பிளவுஸை அளவுக்கு வைத்துத் தைத்து, பஸ் பார்சலில் அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. "நான் சங்கீதா." சின்னப் பிள்ளையில் என் தோளில் தொங்கிக்கொண்டு சித்தப்பா என்று கூப்பிட்டவள். அடுத்து என்ன சொல்லிக் கூப்பிடுவாளோ என்று போனைப் பிடித்தபடி நின்றேன்.

"அத்தை, கை தூக்கினா அக்குள்ல பிடிக்குது. உள்தையல் ஒண்ணு பிரிச்சுக்கவா?"

இந்தத் தொழிலில் முதுகுவலிக்குத் தைலம் இருக்கிறது, பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகும் வாய்க்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.