அம்பிகாவின் மிதி

கோட்டைக்குப்பம் காந்தாவுக்கு வயது நாற்பத்திரண்டு. அனுப்பம்பட்டில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் 2009இல் கல்யாணமாகி ஏரிக்கரைக்கு வந்தாள். முழங்காலளவு தண்ணீரில் குனிந்து, ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கப் பழக அவளுக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஏழாவது வருஷம் கொழுந்தன் பெண்டாட்டியாக அம்பிகா வந்தாள். இறங்கிய முதல் நாளே அவள் பறியில் மூன்று கிலோ. காந்தாவுக்கு ஒன்றே முக்கால்.

அன்று பிடித்த எரிச்சல் பதினோரு வருஷமாகியும் அடங்கவில்லை. ஒரே தண்ணீர், ஒரே சேறு, அவளுக்கு மட்டும் எப்படி என்று காந்தா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வற்றிய ஓரங்களில் அம்பிகாவின் கால் நன்றாகத் தெரியும். கையை விடுவதற்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஐந்தாறு தடவை மிதிப்பாள். குதிகால் ஊன்றாது. விரல்களை விரித்து வைப்பாள், சுருக்கி எடுப்பாள். பிறகுதான் கை இறங்கும். எல்லாம் மினுக்கு என்றே காந்தா நினைத்திருந்தாள்.

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை, பறவை ஆராய்ச்சி செய்யும் தேவதர்ஷினி கரைக்கு வந்து பெண்களுக்குச் செல்போனில் ஒரு படம் காட்டினாள். பூநாரை சேற்றுத் தண்ணீரை அலகால் வடிகட்டித் தின்கிறது, அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருந்தார்களாம். போன வருஷம் வெளிவந்த ஆராய்ச்சி வேறு கதை சொன்னது. அது சவ்வுக்கால்களால் மிதித்து அடிச்சேற்றைச் சுழல வைக்கிறது. தலையை வெடுக்கென்று மேலே இழுத்து நீருக்குள் சூறாவளி போல ஒரு சுழியை எழுப்புகிறது. அலகை நொடிக்குப் பன்னிரண்டு தடவை அடித்து, தப்பியோடப் பார்க்கும் சிற்றுயிர்களை வாய்க்குள் இழுத்துக்கொள்கிறது.

காந்தா படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். விரிந்து இறங்கி, சுருங்கி ஏறும் கால்.

"இத்த இங்கயே ஒருத்தி செய்றா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். பிறகு அம்பிகாவின் பேர், குதிகால், விரல், மிதிக் கணக்கு எல்லாவற்றையும் சொல்லும்படி ஆயிற்று.

தேவதர்ஷினி நோட்டில் எழுதிக்கொண்டாள். பறவைக்கு நடப்பது மனுஷிக்கும் நடக்குமா என்று தெரியாது, சனிக்கிழமை கேமராவோடு வந்து பார்க்கிறேன் என்றாள். "நிஜமா இருந்தா, கவனிச்சது நீங்கன்னு உங்க பேரைத்தான் போடுவேன்க்கா."

காந்தாவின் பேரை அதுவரை யாரும் எதற்காகவும் எழுதியதில்லை.

ஆனால் பேச்சு அம்பிகாவின் காதுக்கும் போய், மறுநாளிலிருந்து அவளுக்குக் கால் ஓடவில்லை. தான் மிதிப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. தெரிந்தபின் ஒவ்வொரு மிதியையும் யோசித்து வைத்தாள். செவ்வாய் இரண்டு கிலோ, புதன் ஒன்றரை, வியாழன் ஒன்றேகால். காந்தாவுக்கோ மூன்று நாளும் இரண்டேகாலுக்குக் குறையவில்லை. ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை அம்பிகா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா ஆச்சுன்னே தெர்லக்கா. நான் எப்டி மிதிப்பேன்? நீதான் பாத்துனே இருந்தியாமே."

"எனக்கு வேற வேலை இல்லியா, உன் காலைப் பாத்துனு இருக்க?"

"பதினோரு வருஷமா இல்லாத வேலை, இன்னிக்குத்தான் வந்துச்சாக்கும்."

கூட இறங்கியிருந்த பக்கத்து வீட்டு ரோஸ்மேரி சிரித்துவிட்டாள்.

காந்தா சேற்றைத் துழாவிக்கொண்டே கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இனி எந்நாளும் தன் பறிதான் கனக்கும். ஆனால் நாளைக்குக் கேமரா முன்னால் அம்பிகா இப்படித் தடுமாறினால், காந்தா சொன்னதெல்லாம் புளுகாகிவிடும். தேவதர்ஷினி காந்தாவின் பேரை அடித்துவிட்டுப் போய்விடுவாள்.

"குதியை ஊனாத," என்றாள் கடைசியில். "வலது கால்ல ஆரம்பி. எண்ணாத, குனிஞ்சு காலையும் பாக்காத. கரைல யாரு போறா, இன்னா சேலை கட்டினு போறான்னு பாத்துனே மிதிப்ப நீ எப்பவும்."

அம்பிகா கரையைப் பார்த்தாள். கால் தானாக ஓடியது.

சனிக்கிழமை, கேமரா முன்னால், நான்கு கிலோ இருநூறு கிராம். பறியைப் பார்த்ததும் காந்தாவுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. தேவதர்ஷினி நோட்டோடு வந்து முழுப்பேரைக் கேட்டபோது, அம்பிகாவின் காதில் விழுகிற மாதிரி, இரண்டு தடவை சத்தமாகச் சொன்னாள்.