வாலு எந்தப் பக்கம்?

எண்பதுகளில், சித்தூரில் எங்கள் நிலத்துக்கு மேலே இருந்த மாம்பழக்கூழ் கம்பெனியின் கழிவுநீர் இறங்கி எங்கள் கிணறு நாறிப்போயிருந்தது. கோரை வளர்த்து அந்த நீரை வடிகட்டக் குளம் வெட்டலாம் என்று, இடம் பார்க்கத் திருப்பதியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார்.

"வாலு எந்தப் பக்கம்பா?" என்றார். நான் பக்கத்தில் கட்டியிருந்த எருமையைப் பார்த்தேன்.

"மாட்டு வாலு இல்லப்பா. நேல வாலு, சரிவு."

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கையைக் காட்டினேன். அவர் அதை நம்பாமல், சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். எங்கே போனாலும் அவர் இப்படித்தானாம். கடைசிச் சொட்டு மண்ணில் மறையும்வரை எழுந்திருக்க மாட்டாராம். தண்ணீர் கிணற்றுப் பக்கமே ஓடியது.

"கொளம் இங்கதான் வரணும். கெணத்த மூடணும். அப்பதான் கீழ ஏரிக்குப் போற தண்ணியாச்சும் தெளியும்."

"நைனா வெட்டுன கெணறு சார்."

"ஒங்கப்பாவாண்ட ஒரு வார்த்த கேட்டுடலாமா?"

"போன மாசந்தான் தவறிப் பூட்டாரு. மூடிடுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. ஊற்றிய தண்ணீரைப் பார்த்தது போலவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எந்தப் பக்கமும் ஒன்றும் ஓடவில்லை.

இன்று அங்கே கோரை ஆளுயரம் நிற்கிறது. அவ்வளவு நேரம் அவர் எதற்காகக் காத்திருந்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.