செல்வி வீட்டு ஜப்பானும் என் கமராவும்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு முகூர்த்த மாசங்களில்தான் வேலை, சொந்தப் படம் எடுக்கக் கிளம்பினவனுக்கு எல்லா மாசமும் வேலை, அதில் பாதி "படம் எப்ப வரும்?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது. உங்களில் யாராவது சோற்றுக்கு ஒரு தொழிலும் ஆசைக்கு ஒரு தொழிலும் வைத்திருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கும் ஏதோ ஒரு விதத்தில் நடந்திருக்கும்.

எனக்குத் தெரணியகலை பஸாரில் ஒரு சின்ன ஸ்டூடியோ. சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாம் என் கமராவில்தான். ஆசைக்கு நான் எடுக்கப் போனது செல்வி குடும்பத்தின் கதையை.

ரசவாளியும் தாலியும்

செல்வி என்னோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனாள். பாலம் கட்டும் வேலைக்கு வந்து அங்கே தங்கியிருந்த கோஜி என்ற ஜப்பான்காரரைக் கல்யாணம் கட்டிக்கொண்டு அவர் ஊருக்கே போய்விட்டாள். ஒரே மகள், எமி. அங்கே சினிமா படிக்கிறாள். அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள். வீடியோ நான்.

எமி தாவணி கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறினாள். முகம் அப்பாவை உரித்து வைத்த ஜப்பான் முகம். வாயைத் திறந்தால், "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவாங்க?" என்று நம்ம தோட்டத்துப் பேச்சு. கையைக் கழுவப் போனவர்கள் கூடத் திரும்பி வந்து இன்னொரு தடவை இலை போட்டு உட்கார்ந்தார்கள். என் கமராவும் அவள் பின்னாலேயே போய்விட்டது. தாலி கட்டும் நேரத்தில் ஏன் ரசவாளி தெரிகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பிற்பாடு என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

அந்த நேரம் எனக்கு ஒரு வேக்காடு இருந்தது. என்னோடு கமரா பிடிக்கப் பழகினவர்கள் எல்லாம் குறும்படம் எடுத்து, மாலையோடு நின்று முகநூலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் லைக் போட்டுப் போட்டு விரல் தேய்ந்துகொண்டிருந்தேன். இது என் கதை, வேறு எவனுக்கும் கிடைக்காது என்று நினைத்தேன். பந்தி முடிந்த கையோடு செல்வியிடம் போய் உங்கள் குடும்பத்தைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எடு லோகு. ஆனா என்னையும் அவரையும் ரோசாப்பூவுக்குள்ளேருந்து வெளிய வர்ற மாதிரி மட்டும் போட்றாத."

மைக்கைக் கழற்றின நேரம்

கோஜியை ரப்பர் மரங்களுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார வைத்து, மைக் மாட்டினேன். நான் எமியிடம் தமிழில் கேட்பேன். எமி அவரிடம் ஜப்பான் பேச்சில் நீளமாகக் கேட்பாள். அவர் தலையைக் குனிந்து ஒரு சொல் சொல்வார். எமி என்னைப் பார்த்து, "ஆமான்னு சொல்றாரு மாமா" என்பாள். காலை முழுக்க ஆமாதான். அவருக்குத் தெரிந்த தமிழ், "சாப்பிட்டாச்சு", "போதும்". மத்தியானம் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு எழும்பிவிட்டார்.

பின்னேரம் செல்வியின் அக்கா ராணி வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். ராணியக்கா அதே லயத்தில் இருந்துகொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர். சுவரில் அவர்களுடைய அப்பாவின் படம், ஈரம் ஏறி ஓரமெல்லாம் பூத்துப்போய் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கோஜி, யாரும் கேட்காமலே மெல்லப் பேச ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் கமராவைப் போட்டேன். ஒரு சொல் விளங்கவில்லை. கொஞ்சத்தில் எமி அழுதுகொண்டே ஃபிரேமுக்குள் வந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபிரேம் கெட்டுப்போச்சு என்று நான் கமராவை நிறுத்தி, மைக்கையும் கழற்றிக்கொண்டேன். எமி தன் ஃபோனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மனுஷன் அதற்குப் பிறகு இருட்டும் வரைக்கும் பேசினார்.

அவர் சொன்னது இதுதான். செல்வி போன புதிதில் அவள் அப்பா இங்கே செத்துப்போனார். எமி வயிற்றில் இருந்ததால் அவளால் வர முடியவில்லை. கோஜி வீட்டில், செத்தவர்களை நினைத்துக் கும்பிட ஒரு மர மாடம் இருக்கிறது. தினம் காலையில் வடித்த முதல் சோற்றை அதன் முன்னால் வைப்பார்களாம். கோஜி தன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாமனார் படத்தையும் வைத்தார். இந்தக் கல்யாணமே பிடிக்காத அவருடைய அம்மா அதை எடுத்து மேசை டிராயரில் போட்டார். கோஜி ஒன்றும் பேசாமல் மறுபடி வைத்தார். அம்மா மறுபடி எடுத்தார். மாசக்கணக்கில் இப்படியே நடந்திருக்கிறது. எமி பிறந்து வீட்டுக்கு வந்த காலையில் கோஜி போய்ப் பார்த்தால், படம் மாடத்திலேயே இருக்கிறது; அதற்கு முன்னால் இரண்டாவதாக ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு. டிராயர் விஷயத்தைச் செல்வியிடம் இத்தனை வருஷமும் மனுஷன் சொன்னதே இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொல்லி முடித்துவிட்டு எமி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "மாமா, நீங்க கட் பண்ணுன பொறகுதான் அப்பா பேசவே ஆரம்பிச்சாரு."

வெறுந்தேத்தண்ணி

நானே போய் முகநூலில் போட்ட வினை. "ஜப்பானுக்கும் நம் தோட்டத்துக்கும் ஓர் உறவுப் பாலம், விரைவில்" என்று எழுதி, எமி படத்தையும் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, தானும் ரப்பர் தோட்டத்தைப் படம் எடுக்க மறு கிழமை கொழும்பிலிருந்து சுரேன் என்ற டைரக்டர் வந்து இறங்கினார். ட்ரோன், பெரிய லென்ஸ், குடை பிடிக்க ஓர் ஆள்.

திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். மனுஷன் தங்கம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ராணியக்கா வீட்டுக்குள் போனார். என்னை அண்ணா என்றார். என் பழைய ஷொட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, வெளிச்சம் அருமை என்றார். வேணுமென்றால் உங்கள் கமராவில் மாட்டிப் பாவியுங்கள் என்று தன் லென்ஸைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வாங்கும்போது என் கை கூசியது. நல்லவனைப் பார்த்து எரிவது போலக் கேவலம் வேறொன்றும் இல்லை. ஏசித் தீர்க்கவும் வழி கிடையாது.

ராணியக்கா தேத்தண்ணி கொண்டு வந்தார். சுரேனுக்குப் பால் மா கலந்து, நுரை தள்ளி, பீங்கான் கோப்பையில். எனக்கு வெறுந்தேத்தண்ணி, மூக்குடைந்த கோப்பையில். நான் இரண்டு கோப்பையையும் மாறி மாறிப் பார்த்ததை அக்கா கவனித்துவிட்டார். "அவரு விருந்தாளி லோகு, நீ வீட்டாளு. வீட்டாளுக்கு யாரு பால் மா கலக்குவா?"

அப்பா போன இடம்

கோஜி சொன்ன கதை, சுரேன் வந்துபோன மறுநாள் ராணியக்கா காதுக்குப் போய்விட்டது. எமி சொல்லக் கேட்ட செல்விதான் சந்தோஷத்தில் சொல்லியிருக்கிறாள். "அப்பாவுக்கு அங்க தெனம் சோறு வைக்கிறாங்க அக்கா" என்று. சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அக்கா பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அவர் திரும்பி வரும்போது நான் கமராவோடு இஸ்தோப்பில் இருந்தேன். போகச் சொல்லவில்லை. அப்பா படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்து, கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். மழையில் லொறி பிடித்து அப்பாவைக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, வார்டில் தரையில் படுத்துக்கிடந்தது, துடைத்தது, கழுவினது, கொள்ளி வைக்க ஆள் தேடினது. இந்தத் தடவை நான் கமராவை நிறுத்தவில்லை. எனக்குக் கிடைத்த முதல் நல்ல ஷொட் அது. ஆனால் வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தபோது, சுரேனின் லென்ஸைத் தொட்டபோது என் நெஞ்சில் ஏறிய அதே சூடு அக்கா முகத்தில் ஏறுவதைப் பார்த்தேன். கூச்சமாக இருந்தது.

உள்ளே நின்ற செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து, "நான் என்ன அக்கா செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள். ராணியக்கா எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் செய்யல. பாத்தது நானு. செத்த பொறகு அப்பா ஒன் வீட்டுலதான் போயி உக்காந்துக்கிட்டாரு."

நல்லா இருக்குன்னு சொல்லுங்க

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. செல்வி குடும்பம் சொன்ன நாளுக்கு முன்னாலேயே விமானம் ஏறிவிட்டது. போகும்போது செல்வி என் கையைப் பிடித்து, கொஞ்ச நாளைக்குப் படத்தை மறந்துவிடு என்றாள். எமி வேன் ஜன்னலுக்குள் இருந்து கை காட்டினாள். பஸ் ஸ்டாண்டில் நின்ற திரீவீலர்காரர்கள், அவளைப் பார்த்து, "ஜப்பான் நோனா போறாங்க" என்று துரைசாணிக்கு விடுவது போல வழி விட்டார்கள்.

கொஞ்ச நாளில் சுரேன் தன் ட்ரெய்லரை அனுப்பினார். ஆண்டவனே, ஏதாவது ஒரு குறை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் திறந்தேன். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்று, விடிகாலைப் பனி, சிரட்டையில் ஒரு சொட்டுப் பால் விழுகிறது. நான் தினம் மோட்டார் சைக்கிளில் போய் வருகிற பாதைதான். அதை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. நாலாந்தரம் ஓடவிட்டு, சத்தம் கொஞ்சம் கூட, நிறம் கொஞ்சம் பச்சை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்த என் பெண்சாதி மலர் சொன்னாள்: "நல்லா இருக்குன்னு ஒருக்கா வாய் விட்டுச் சொல்லிட்டு மூச்சு விடுங்க, முகம் நீலம் பூத்துப் போச்சு."

பாதி

பிறகு எமி வீடியோ கோல் எடுத்தாள். நான் எடுத்தது முழுவதையும் அனுப்ப முடியுமா என்றாள். அவளிடம் ஃபோனில் அப்பா பேசினது இருக்கிறது. அங்கே அப்பாவைப் பெற்ற அப்பாயியையும் எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் சேர்த்து அவளே வெட்டி ஒட்டப் போகிறாளாம். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. இது என் படம்மா, நான்தான் டைரக்டர் என்றேன். உனக்கென்ன, நினைத்தால் இன்னொரு படம் எடுப்பாய். கமரா இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஜப்பான் பாஸ்போர்ட் இருக்கிறது, இந்த லயத்துக்காரனுக்கு இது ஒன்றுதான் என்றும் சொன்னேன்.

எமி தன் அம்மாவின் பேச்சிலேயே சொன்னாள்: "இங்க என்னைய ஹாஃபுன்னு சொல்லுவாங்க மாமா, பாதின்னு அர்த்தம். அங்க வந்தா ஜப்பான் நோனாங்கிறாங்க. ஒங்களப் பாத்து யாருமே எங்கேருந்து வந்தீங்கன்னு கேக்குறதில்ல. நீங்க ரோட்டுல எறங்கி நடந்தீங்கன்னா எனக்குப் பொறாமையா இருக்கும்."

அப்பாயி கேட்ட கேள்வி

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். அடுத்த திருவிழாவுக்கு எமியும் செல்வியும் படத்தோடு வந்தார்கள். கோயில் மண்டபத்தின் ஜன்னல்களைப் பெட்ஷீட்டால் மூடி, என் புரொஜெக்டரில் ஓட்டினோம். ராணியக்கா வர மாட்டேன் என்று நின்றார். மலர் போய்க் கூட்டி வந்தாள். கதவுக்குப் பக்கத்தில், எழும்பிப் போக வசதியாக உட்கார்ந்தார். செல்வி முன் வரிசையில். இரண்டு பேரும் இன்னும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

இஸ்தோப்பில் கோஜி பேசத் தொடங்குகிறார். நான் கமராவை நிறுத்தின இடத்தில் திரை கறுப்பாகிவிடுகிறது. கறுப்புத் திரையில் அவர் குரல் மட்டும் ஓட, கீழே தமிழில் எழுத்து வருகிறது. என் பிழையை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் படத்தின் உயிராக்கியிருந்தாள் அந்தப் பிள்ளை. அடுத்து ராணியக்கா வருகிறார். ஆஸ்பத்திரியும் மழையும் வருகின்றன. ஒரு சொல்லும் வெட்டப்படவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் ஜப்பான் வீடு. ராணியக்கா பேசினதை எமி அப்பாயிக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள் போலிருக்கிறது. அந்த அம்மா மாடத்தின் முன் கிண்ணத்தை வைத்துவிட்டு நேராக எங்களைப் பார்த்துக் கேட்கிறார், கீழே எழுத்து வருகிறது: "பெரிய மகளிடம் கேளுங்கள். இவருக்கு என்ன பிடிக்கும்? இத்தனை வருஷமாகத் தெரியாமல் வெறும் சோற்றையே வைத்துக்கொண்டிருக்கிறேன்."

அதோடு படம் முடிகிறது. யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ராணியக்கா எழும்பி நின்றார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன் வரிசையில் இருந்த தங்கச்சியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கருவாடு, செல்வி. ஒனக்குத் தெரியாதாடி? கருவாடு இல்லாம அந்த மனுசனுக்குத் தொண்டையில சோறு எறங்கியிருக்கா? வா, கட்டித் தாறேன், கொண்டு போ."

செல்வி ஆள்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். திரையில் "இயக்கம்: எமி, கமரா: லோகு மாமா" என்று எழுத்து வந்தபோது மண்டபத்தில் எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டினவனும் நான்தான், அந்த முதல் வரியைக் கண்ணெடுக்காமல் பார்த்து எரிந்துகொண்டிருந்தவனும் நான்தான்.