மோட்டார் ரூம் இல்லாத கொல்லை

திருவரங்குளம் பக்கம் என் மனைவியின் அப்பாவுக்கு ஒரு முந்திரிக் கொல்லை இருந்தது. போன வருடம் அதை விற்கப்போவதாக மைத்துனர் போனில் சொன்ன அன்றே அவள் என்னிடம் வந்தாள்.

"விக்கிறதுக்கு முன்ன அத ஒரு படமா வரைஞ்சு குடுங்க. செல்லுல எடுக்கிற போட்டோ வேணாம். ஒங்க கையால வேணும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் படம் எதுவும் கேட்டதில்லை. ஆகட்டும் என்றேன். மேஜையில் ஒரு பதிப்பகத்துக்காகத் திருத்திக்கொண்டிருந்த நாவல் பாதியில் கிடந்தது.

கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் என் நாளை நானே பங்கு போட்டுக்கொண்டேன். காலையில் பிறர் எழுத்தைத் திருத்துவது. மதியத்துக்குமேல் என் சொந்தக் கட்டுரை. வெயில் சாய்ந்ததும் திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து குளக்கரைக்கு மடக்கு நாற்காலியைத் தூக்கிப்போய் வாட்டர் கலரில் வரைவது. எந்தப் பங்கும் நிம்மதியாக நடந்ததில்லை. திருத்தும்போது என் கட்டுரை உறுத்தும். எழுத உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறதே என்று ஜன்னலைப் பார்ப்பேன். தாளை நனைத்த நேரத்தில் பதிப்பகத்துக்காரர் கூப்பிட்டு, "சார், ப்ரூஃப் எப்ப வரும்?" என்பார்.

"கொல்லைக்கு எப்பங்க போறோம்?"

"இந்த நாவல முடிச்சிட்டு."

"அது முடிஞ்சா இன்னொண்ணு வரும். அந்த ஆளுங்க எழுதுறத நிறுத்தவா போறாங்க?"

பத்திரம் பதிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் போனோம். அவளுக்கு முழங்கால் வலி, வரப்பில் நடக்க முடியாது. அவளை மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். செம்மண், முந்திரி, தூரத்தில் வரிசையாகத் தைலமரங்கள். நடுவில், கிணற்றை ஒட்டி மோட்டார் ரூம். தகரக் கதவு, பாசி பிடித்த சிமெண்ட் சுவர், கூரைமேல் கறுப்பு டேங்க்.

வரையும்போது அதை விட்டுவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. நாவலில் வேண்டாத பத்திகளை அடித்து அடித்துப் பழகிய கை, சுவர் இருந்த இடத்தில் செம்மண்ணைப் பூசி, கொஞ்சம் புல் வைத்தது. படம் நன்றாக வந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். அன்று சீக்கிரம் முடித்ததில் இன்னொரு சந்தோஷம், நாவலுக்குத் திரும்பலாம்.

அவள் படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மோட்டார் ரூம் எங்கங்க?"

"அது இருந்தா படம் கெட்டுப்போகும்."

"எங்கப்பா படுத்து எந்திரிச்சதெல்லாம் அங்கதான். வீட்ல கரெண்டு கெடையாது, அங்க மட்டுந்தான் பல்பு. பத்தாவதுக்கு நான் படிச்சது அந்த வெளிச்சத்துல. முந்திரி எல்லா ஊர்லயுந்தான் இருக்கு."

மறுநாளே போயிருக்கலாம். நாவலைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். போனபோது வாங்கியவர் மோட்டார் ரூமை இடித்து, தரையைச் சமப்படுத்தியிருந்தார். ஒன்றிரண்டு செங்கல் கிடந்தது. அதை அவளிடம் சொன்னபோது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது சாயங்காலங்களில் குளக்கரைக்குப் போவதில்லை. அவள் சொல்லச் சொல்ல வீட்டிலேயே வரைகிறேன். அந்த அறைக்குப் பக்கத்தில் கடைசியாக நின்றவன் நான்தான், ஆனால் எனக்கு எதுவும் நினைவில்லை.

"கதவு இங்கிட்டு இல்லங்க, அங்கிட்டு. கெணத்தப் பாத்து."

அழித்தால் தாள் நைந்துபோகிறது. புதுத் தாள் எடுக்கிறேன்.

"அந்த நாவல்காரரு பாவங்க. அவரு வீட்டுக் கதவையும் இப்பிடித்தான் பேத்து எறிஞ்சிருப்பீங்க."

இருக்கும். இன்னும் சிலருக்கும் அப்படிச் செய்திருப்பேன்.

நேற்று வரைந்த படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. விடுங்க, காப்பி போடுறேன்" என்று எழுந்தாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எழுதியவரோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாத நாட்களில் நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன்.

"பல்பு எங்க தொங்குச்சுன்னு சொல்லிட்டுப் போ," என்றேன்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"உள்ள தொங்குன பல்பு, வெளிய நின்னு வரையிறவருக்கு எப்பிடிங்க தெரியும்?"

கதவைத் திறந்துவைத்து வரைந்தால் தெரியும். கை வலித்தது. மேஜையில் அடுத்த நாவலின் கட்டு பிரிக்காமல் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுத் தாளை நனைத்தேன்.