புரோசார்டில் உண்டியலாகிப் போன மருந்துப் பெட்டி

குஞ்சு, போன சனிக்கிழமை அம்மா மொன்றியலிலிருந்து ரயிலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டுக்குப் போய் வந்தேன். "அங்கை என்ன இருக்கு, கடையள்தானே" என்று நீ சொல்லும் அதே புரோசார்ட்தான்.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். குஞ்சு என் மகன். நித்திரைக் குளிசை என்று நம்பி வாங்கியதில் வேறேதோ போதைமருந்து கலந்திருந்தது. அவன் போய் இரண்டு வருடம். அன்று பக்கத்தில் சிநேகிதர்கள் இருந்தார்கள். அந்தப் போதையை முறித்து மூச்சை மீட்க மூக்கில் அடிக்கிற நலோக்சோன் மருந்துதான் இருக்கவில்லை. இப்போது நாங்கள் சிலர் அந்த மருந்தைப் பொது இடங்களில் வைக்கிறோம். யாரையும் கேட்காமல் எடுத்துப் போகலாம். புரோசார்டில் நம்மவர்கள் பூசை நடத்தும் வாடகை மண்டபத்திலும் ஒரு பெட்டி மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி மண்டபத் தலைவர் போன் எடுத்தார். அதுதான் இந்தப் பயணம்.

எங்கள் வீட்டுப் பக்கம் கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் காலை 9.40க்கு மெட்ரோ ஏறினேன். இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி லிஃப்ட் எடுத்தால், மலைக்கு அடியில் புரோசார்ட் ரயில். கனக்க ஆழம், காது அடைக்கும். மொன்றியலுக்குள் மட்டும் செல்லும் டிக்கெட் இதற்குக் காணாது, தென்கரைக்கும் சேர்த்து எடுங்கள். ஒரு வழிக்கு ஏறக்குறைய ஐந்து டொலர். ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை, ஆகவே முன்னுக்குப் போய் நில்லுங்கள். பாலத்தில் ஏறியதும் ஆறு முழுக்க உங்களுக்குத்தான். அரை மணித்தியாலத்துக்குள் இறங்கிவிட்டேன். பிறகு பதினைந்து நிமிட நடை.

தலைவர் அண்ணை வாசலிலேயே நின்றார். "வாங்கோ தங்கச்சி. ஒருத்தரும் எடுக்கேல்லை. எங்கடை பிள்ளையளுக்கு உது தேவையில்லை."

பெட்டியைத் திறந்தேன். மருந்துப் பொதிகள் வைத்தபடியே இருந்தன. அவற்றின் மேல் சில்லறைக் காசு.

பெட்டி ஒரு பழைய தபால் பெட்டி. மேலே கடிதம் போடும் பிளவு. நல்ல காரியம் தொடங்கினால் பொட்டு வைக்காமல் எனக்குக் கை நிற்காது. மாட்டிய அன்றே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் வேறு. சனம் கும்பிட்டுக் காசு போட்டிருக்கிறது.

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கடை பெட்டி எங்கடை பிள்ளையாரோடை போட்டி போடுது."

"அதுவும்தான் அண்ணை. ஆனா சீட்டு விக்கிற அக்காமார் பாத்துக்கொண்டிருக்க, ஆர் வந்து கை நீட்டுவினம்?"

"அப்ப எங்கை வைக்கிறது?"

"செருப்புக் கழட்டுற இடத்திலை. அங்கை எல்லாரும் குனிஞ்சுதான் நிப்பினம்."

அவர் யோசித்தார். "பூசை முடியுமட்டும் இருக்கட்டும். ஒண்டும் போகாட்டி, நீங்கள் கழட்டிக்கொண்டு போங்கோ."

காசை உண்மையான உண்டியலில் சேர்த்தேன். பொட்டைத் துடைத்து, பிளவுக்கு டேப் ஒட்டி, செருப்புத் தட்டுக்கு மேலே மாட்டினேன். பூசையில் மனம் நிற்கவில்லை.

முடிந்ததும் முதல் ஆளாக வந்து குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டிக் கதவு கிறீச்சென்றது. பக்கத்தில் சாம்பல் நிறக் காலுறை, பெருவிரலில் ஓட்டை. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். அந்தக் காலுறை போய்விட்டது.

அண்ணை வந்து பெட்டியைத் திறந்தார். "ஒண்டு குறையுது. ஆர் எடுத்தது?"

"நான் பாக்கேல்லை அண்ணை."

தட்டில் மிச்சமிருந்த செருப்புகளை அவர் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். எல்லாம் அவருக்குத் தெரிந்த வீடுகளின் செருப்புகள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"இருக்கட்டும். பேந்து வரேக்கை இன்னும் கொஞ்சம் கொண்டாங்கோ. எனக்கும் எப்பிடி அடிக்கிறதெண்டு காட்டித் தாங்கோ."

எப்படி அடிப்பதென்று செய்து காட்டினேன். பொங்கலைப் பேப்பர்க் கோப்பையில் வாங்கி ரயிலில் சாப்பிட்டேன். கனநாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

நீங்களும் உங்கள் இடத்தில் வைக்க நினைத்தால்: கியூபெக்கில் பார்மசிகளில் கேட்டாலே இலவசமாகத் தருவார்கள், டொக்டரின் மருந்துத் துண்டு வேண்டாம். குளிர்காலத்தில் வெளியிலோ காரிலோ விடாதீர்கள், மருந்து உறைந்துபோகும். அடித்த பிறகும் அவசர உதவிக்கு 911ஐக் கூப்பிடத்தான் வேண்டும். பொட்டு வைக்காதீர்கள். ஆள் நின்று பார்க்கிற இடத்தில் மாட்டாதீர்கள்.

குஞ்சு, அம்மா இப்படிச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தால், நீயும் ஒன்று எடுத்திருப்பாயா?