ஜன்னல் கண்ணாடியில் ஒரு கைரேகை

இன்று வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு மாணவி போனில் சந்தேகம் கேட்டாள். கைரேகை எடுப்பதைப் பற்றி விளக்கிவிட்டு வைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நீங்க போலீஸா?"

"இல்லம்மா. தடயவியல் பாடம் எடுக்கிறேன். கேஸ்களுக்கு ஆலோசனையும் சொல்வேன்."

அவருடைய தம்பி ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டுகிறவராம். போன மாதம் வேலை பார்த்த வீட்டில் இப்போது நகை திருட்டுப் போயிருக்கிறது. கண்ணாடியில் தம்பியின் ரேகை இருந்ததால் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"கண்ணாடி மாட்னவன் கை அதுல படாம எப்படி மேடம்? அந்த ரேகை போன மாசம் பட்டதா, திருட்டு அன்னிக்குப் பட்டதான்னு தெரியாதா?"

"தொட்டது யாருன்னு சொல்லலாம்மா. எப்போ தொட்டாங்கன்னு ரேகையை மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியாது."

"அப்போ இதை நீங்களே கோர்ட்ல வந்து சொல்லுங்க."

தம்பி திருடினாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இதைச் சொல்ல அவர் பக்கம் யாருமே இல்லை என்பது புரிந்தது. வக்கீலை என்னிடம் பேசச் சொல்லி நம்பர் கொடுத்தேன்.

"வக்கீல் இன்னும் யாரையும் வைக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு ஜீவனஹள்ளி ஸ்டாப்பில் இறங்கிப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நம்பரும் வாங்கவில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுக்கிறேன். இதுவரை பேசியதெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்டவர்கள்தான்.

அந்தப் பெண் கூப்பிட்டால் சொல்வதற்கு, ஜாமீன் கேஸ் பார்க்கும் வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் வாருங்கள். லோன் கொடுப்பவர்கள் மன்னிக்கவும், உங்கள் எல்லோரிடமும் ஏற்கெனவே பேசிவிட்டேன்.